பழங்கற்படி

நம் வீடுகளில் ஒரு சாமான் பழசாகிவிட்டால் அதற்கு இரண்டு கதிதான் உண்டு. ஒன்று பரண், மற்றொன்று பழைய பேப்பர்காரனின் தராசு. இரண்டுக்கும் தப்பி மூன்றாவது கதியை அடைகிற சாமான்கள் மிகச் சில. பாட்டி வைத்திருந்த வெற்றிலைப் பெட்டி, தாத்தாவின் சுவர்க் கடிகாரம் என்று ஏதாவது ஒன்று பாக்கியம் செய்திருந்தால், துடைத்து மெருகேற்றப்பட்டுக் கூடத்துக்கு வந்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டப்படும். இப்போது இந்த மூன்றாவது கதி கம்ப்யூட்டருக்கும் வாய்த்திருக்கிறது. முப்பது நாற்பது வருஷங்களுக்கு முன் வாங்கி, பிறகு ஊரெல்லாம் தூக்கி எறிந்துவிட்ட யந்திரங்களைத் தேடிப் பிடித்து, வீட்டு மேஜைமேல் வைத்து, திருகுகளைக் கழற்றி, தூசி தட்டி, மறுபடி ஓட வைக்கிற ஒரு கூட்டம் உலகமெங்கும் உண்டாகியிருக்கிறது. நம் தேசத்திலும் அவர்கள் இருக்கிறார்கள்.

இதை வெறும் பைத்தியம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பழைய புத்தகக் கடைகளில் அலைகிறவன் இன்னொருவனுடைய பைத்தியத்தைப் பழிக்க முடியாது. ஆனால் எந்தக் காரியத்திலும் நல்லது கெட்டது பிரித்துப் பார்க்கலாம் அல்லவா? கதையை விமர்சிக்கிறோம், கச்சேரியை விமர்சிக்கிறோம். பழைய யந்திரத்தைப் புதுப்பிப்பதும் ஒரு கலை என்று அதில் ஈடுபட்டவர்களே சொல்லிக்கொள்ளும்போது, அதையும் விமர்சிக்கலாம். நான் கேட்க விரும்புவது ஒரே ஒரு கேள்விதான். இவர்கள் உயிர்ப்பிப்பது எதை?

முதலில் வேலையின் தன்மையைப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு யந்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் ஏகார்ன் கம்பெனி 1981-ல் வெளியிட்ட பி.பி.ஸி. மைக்ரோ என்பது அதன் பெயர். எழுத்துப் பலகையும் யந்திரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். டெலிவிஷனோடு இணைத்து வேலை செய்ய வேண்டும். 1984-ல் நம் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரை அறிமுகம் செய்து வைக்க 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது இந்த யந்திரத்தைத்தான் பொறுக்கியெடுத்தது. மொஹாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்ற அரசாங்க ஸ்தாபனம் 'யூனிகார்ன்' என்ற பெயரில் இதே யந்திரத்தை இங்கே செய்தது. அந்த ஸ்தாபனத்தின் தொழிற்கூடம் 1989-ல் தீப்பற்றி எரிந்து போயிற்று என்பது தனிக் கதை. பி.பி.ஸி. மைக்ரோவின் ஞாபக சக்தி 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் நாம் அலட்சியமாக எடுக்கிற ஒரு படம் அதைப்போல் நூறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இப்படி ஒன்று கையில் கிடைத்ததும் ஆசை மிகுதியால் உடனே மின்சாரத்தைக் கொடுக்கிறவன் அதற்கு எமன். மின்சாரம் உள்ளே நுழைகிற இடத்தில் அதை வடிகட்டுவதற்காக வைத்த கபாசிட்டர்கள் வயதாகி, மேலுறையில் கீறல் விட்டு, ஈரத்தைக் குடித்திருக்கும். ஸ்விட்சைப் போட்ட சிறிது நேரத்தில் பட்டென்று வெடித்து வீடு முழுவதும் நாற்றப் புகையைப் பரப்பும். வேறு ரகக் கபாசிட்டர்களில் உள்ளே இருக்கும் திரவம் வற்றியிருக்கும், அல்லது கசிந்திருக்கும். சில யந்திரங்களில் கடிகாரத்துக்காக வைத்த சிறு பாட்டரி கசிந்து, பலகைமேல் ஓடுகிற செப்புக் கோடுகளைத் தின்றிருக்கும். அந்தக் கசிவை வினிகர் தொட்டுத் துடைத்து, அறுந்துபோன கோட்டுக்குப் பதிலாக மயிரிழை போன்ற கம்பியைப் பற்றவைக்க வேண்டும். ரப்பர் உருளைகள் தார் போல இளகி ஒட்டிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் ஒரு மனிதன் மாலை வேளைகளில், சம்பளமில்லாமல், வீட்டாரின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே செய்கிறான் என்றால் அவனுடைய பொறுமைக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

அந்தப் பொறுமை பிறகு எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கும்போதுதான் எனக்குச் சங்கடம் உண்டாகிறது. இந்தக் கூட்டத்தில் பலருக்குப் பெரிய வெற்றி எது தெரியுமா? பெட்டியை வெளுப்பது. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் எளிதில் தீப்பற்றாமல் இருக்க அதில் புரோமின் கலந்த சரக்கைச் சேர்த்தார்கள். அதுவும் வெயிலும் சேர்ந்து வெண்ணெய் நிறப் பெட்டியைப் பழுப்பாக்கிவிடுகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசி வெயிலில் வைத்தால் மஞ்சள் போய்விடும் என்று 2008 வாக்கில் சிலர் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதிலிருந்து உலகத்துப் பழைய யந்திரங்களெல்லாம் மருந்து பூசிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டன. சில வருஷங்களில் மஞ்சள் திரும்பி வருவதும் உண்டு, திரும்பவும் பூசுகிறார்கள். இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், உள்ளே இருப்பதையெல்லாம் வழித்து எறிந்துவிட்டு, ராஸ்பெர்ரி பை என்கிற கையடக்கமான புதுக் கம்ப்யூட்டரை உள்ளே வைத்து மூடிவிடுகிறார்கள். வெளியே தாத்தாவின் கோட்டு, உள்ளே பேரன்.

நம் கோயில்களுக்கு நேர்ந்ததும் இதுதானே? திருப்பணி என்ற பெயரில் கல்லின்மேல் மணலை வேகமாக வீசி அழுக்கை எடுத்தார்கள். அழுக்கு போயிற்று, அழுக்கோடு கல்வெட்டின் எழுத்துக்களும் தேய்ந்தன. பளிச்சென்று இருக்கிறது என்று பக்தர்கள் மகிழ்ந்தார்கள். அந்தப் பளிச்சுக்குக் கொடுத்த விலை என்ன என்று பெரும்பாலும் கேட்கவில்லை.

நான் எதையும் மாற்றவே கூடாது என்று சொல்கிற கட்சி அல்ல. அச்சு முறிந்த தேருக்குப் புது அச்சுப் போட்டால் அது வேறு தேர் ஆகிவிடாது. வெடிக்கப்போகிற கபாசிட்டரைப் பழைமைப் பற்றினால் விட்டு வைக்கிறவன் பக்தனல்ல, மூடன். மாற்றலாம். எந்த வரிசையில் மாற்றுகிறோம், மாற்றியதை மாற்றியது என்று சொல்லுகிறோமா, இந்த இரண்டில்தான் நல்ல வேலையும் மோசமான வேலையும் பிரிகின்றன.

இரண்டுக்கும் நம்மவர்களிடமே முறை உண்டு. கோயிலைப் புதுப்பிக்கும் வேலைக்கு ஜீர்ணோத்தாரணம் என்று பெயர். கர்ப்பக்கிருகத்தில் கை வைப்பதற்கு முன்னால் பாலாலயம் செய்வார்கள். மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்திலோ சித்திரத்திலோ ஆவாகனம் செய்து வேறிடத்தில் வைத்து, அங்கே பூஜையை நடத்துவார்கள். அதற்குப் பிறகுதான் கொத்தனார் உள்ளே வரலாம். உள்ளே இருப்பதைப் பத்திரமாக வெளியே எடுத்து வைத்துவிட்டு வீட்டை இடி என்பது அதன் பொருள்.

இரண்டாவது முறைக்குத் திருக்கோடிக்காவல் கோயில் சாட்சி. 10-ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் அந்தக் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதுச் சுவரில் திரும்ப வெட்ட வைத்தார். அப்படி வெட்டியவற்றில், இது பழங்கல்லில் இருந்ததன் படி என்ற குறிப்பையும் சேர்த்தார்கள். புதுக் கல்லைப் பழங்கல் என்று ஏமாற்றவில்லை. பழைய சொல்லைப் புதுச் சொல்லாகத் திருத்தவும் இல்லை. ஏடுகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் இதே வழியில் போனவர்தான். 1894-ல் அவர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது கிடைக்காத பாட்டைக் கிடைக்கவில்லை என்றே விட்டார். சிதைந்த அடிக்குத் தாமே ஓர் அடி கட்டிச் சேர்க்க அவருக்குப் புலமை இல்லாமலா போயிற்று?

இந்த முறைகளைக் கம்ப்யூட்டர் விஷயத்தில் அப்படியே கடைப்பிடிக்கிற ஒருவரை நான் திருமுக்கூடலில் பார்த்தேன். காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற ஊர் அது. மனிதர் பட்டுத்தறிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பாலிடெக்னிக் ஒன்றில் பரிசோதனைச்சாலை உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து ஏலத்தில், பழைய இரும்பு விலைக்கு, ஒரு யூனிகார்ன் யந்திரத்தையும் ஒரு டப்பா நிறையப் பிளாப்பித் தட்டுகளையும் வாங்கியிருந்தார்.

யந்திரம் ஓடியது. ஆனால் பெட்டி நல்ல பழுப்பு.

"மேலே கொஞ்சம் வெளுத்துவிடக் கூடாதா, சார்? பளிச்சென்று இருக்குமே" என்றேன்.

"அது வெயில் எழுதின கணக்கு இல்லையா, தம்பி? பாருங்க, இடது பக்கந்தான் ஜாஸ்தி மஞ்சள். அந்த ஸ்கூல்லே ஜன்னல் எந்தப் பக்கம் இருந்ததுன்னு இதிலேயே சொல்லிடலாம்" என்றார்.

மூடியைத் திறந்து காட்டினார். உட்புறத்தில் மெல்லிய பேனாவால் வரிசையாக எழுதியிருந்தது. எந்தத் தேதியில் எந்த உறுப்பை எடுத்தார், பதிலுக்கு எதை வைத்தார், பழையது எந்த உறையில் இருக்கிறது என்று எல்லாம் அதில் இருந்தன. ஒரு விசை காணாமற் போயிருந்த இடத்தில் மரத்தில் செதுக்கி ஒன்று வைத்திருந்தார். அதற்கு வர்ணம் பூசவில்லை. மரம் மரமாகவே தெரிந்தது. கோர்வைப் புடவையில் கரையும் உடலும் சேருகிற இடத்தை மறைக்காத குலத்தில் பிறந்தவர் அல்லவா?

முதலில் அவர் செய்தது பாலாலயந்தான். இந்தக் காலத்து யந்திரங்கள் சிலவற்றில் கண்ணாடி ஜன்னல் வைத்த சில்லுகள் உண்டு. ஜன்னல் வழியாகப் புறஊதா ஒளி விழுந்தால் உள்ளே எழுதியிருப்பது அழிந்துவிடும். ஒளியே படாவிட்டாலும் உள்ளே தேக்கிய மின்னேற்றம் வருஷக்கணக்கில் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். பிளாப்பித் தட்டு என்பதோ காந்தத் துகளைப் பூசிய மெல்லிய வட்டம். நம் ஊர் ஈரக்காற்றில் அதன்மேல் பூஞ்சை பூக்கும். பூஞ்சையோடு சுழலவிட்டால் படிக்கிற முனையே துகளைச் சுரண்டி எடுத்துவிடும். ஆகவே அவர் மற்ற வேலைகளை ஒத்திப்போட்டுவிட்டு, சில்லுகளில் இருந்ததைப் படி எடுத்தார். ஒவ்வொரு தட்டாகத் துடைத்து அவற்றையும் படி எடுத்தார். 11 தட்டுகளில் 4 தேறின. மூன்றில் மதிப்பெண் பட்டியல், பிள்ளைகள் எழுதிய விளையாட்டுக்கள். நான்காவதில் இருந்ததை எனக்குத் திரையில் காட்டினார்.

தமிழ் எழுத்துக்கள்!

அந்த யந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வேண்டிய எழுத்தை நாமே வரைந்து கொடுக்கலாம். எட்டுக்கு எட்டாக 64 கட்டங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண். எட்டு எண்களைக் கொடுத்தால் ஓர் எழுத்து. யாரோ ஓர் ஆசிரியர் அப்படி எண் எண்ணாகக் கொடுத்து அகரத்திலிருந்து செய்து கொண்டே போயிருக்கிறார். 'ட'வும் 'ப'வும் நேர்கோடுகள், சுலபம். 'ண' எட்டுக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. இரண்டு இடம் கொடுத்திருக்கிறார். 'ஞ'தான் அவரைப் படாத பாடு படுத்தியிருக்கிறது. மூன்று விதமாகச் செய்து பார்த்து, ஒன்றும் திருப்தி தராமல், மூன்றையும் விட்டு வைத்திருக்கிறார். பெயர் போடவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்று கேட்டாலும் யாருக்கும் தெரியாது.

"இது தறிக்காரன் கட்டம், தம்பி" என்றார் அவர். "எங்க அப்பா கட்டத் தாளில் அன்னம் வரைவார். இந்த வாத்தியார் ஆனா வரைஞ்சிருக்கார். அவ்வளவுதான் வித்தியாசம்."

அவர் சொன்னது வெறும் உவமை அல்ல. கம்ப்யூட்டரின் வம்சாவளியிலேயே தறி இருக்கிறது. 1804-ல் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தறிமேல் ஏற்றினார். துளை இருக்கும் இடத்தில் இழை எழும். இல்லாத இடத்தில் எழாது. அவருடைய உருவத்தையே 1839-ல் சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்தார்கள். அந்தப் பட்டுப் படம் ஒன்றை வாங்கி வைத்திருந்த சார்லஸ் பாபேஜ், தாம் கற்பனை செய்த கணக்கு யந்திரத்துக்கு அதே அட்டை முறையை எடுத்துக்கொண்டார். 1890-ல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கை ஹோலரித் துளை அட்டைகளில் எடுத்தார். காஞ்சிபுரத்தில் ஜக்கார்டுப் பெட்டி வருவதற்கு முன் 'அடை' என்ற முறை இருந்தது. சித்திரத்தை நூல்களிலேயே கட்டி வைத்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கொத்துக் கொத்தாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். பிறகு அட்டை வந்தது. இப்போது பல இடங்களில் அட்டையும் போய் மின்னணுப் பெட்டி வந்திருக்கிறது. தம் தகப்பனார் காலத்து அட்டைக் கட்டுகளை வீட்டில் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லும்போது அந்த மனிதரின் முகம் மாறிற்று. எந்தெந்தக் கரை, எந்தெந்த முந்தானை போயிற்று என்று அவருக்கே கணக்கில்லை. தறி இன்னும் இருக்கிறது. தறி இருந்து என்ன செய்ய?

இதே கேள்வி கடல் கடந்தும் எழுந்தது. சந்திரனுக்குப் போன அப்பல்லோ விண்கலங்களில் இருந்தது போன்ற ஒரு கம்ப்யூட்டரை 1976-ல் ஹூஸ்டனில் ஒருவர் பழைய சாமானோடு சாமானாக வாங்கிப் போட்டிருந்தார். 2018-ல் நாலைந்து பேர் சேர்ந்து, முதலில் ஓட்டல் அறையிலும் பிறகு ஒருவருடைய வீட்டுப் பட்டறையிலும் அதைப் பிரித்து, சோதித்து, 2019-ல் சந்திரப் பயணத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவுக்குள் ஓட வைத்தார்கள். அந்த யந்திரத்தின் நிரந்தர ஞாபகம் என்பது கையால் நெய்த கம்பிதான். காந்த வளையத்துக்குள் கம்பி போனால் ஒன்று. வெளியே போனால் சைபர். இப்படி 36,864 சொற்கள். அமெரிக்கத் தொழிற்சாலையில் பெண்கள் உட்கார்ந்து ஊசி கொண்டு கோத்தார்கள். ஹூஸ்டனில் கிடைத்த யந்திரத்தில் அந்தக் கம்பிக் கட்டுகள் இல்லை. அச்சடித்து வைத்த புரோகிராம் தாள்களும், வேறிடங்களில் தப்பிப் பிழைத்த கட்டுகளும் படி எடுக்கப்பட்டிருந்ததால்தான் யந்திரத்துக்கு வாய் திறந்தது. இல்லாவிட்டால் எத்தனை பழுது பார்த்தாலும் அது ஊமைதான்.

'இத்தனை சிரமம் எதற்கு? பழைய யந்திரத்தைப்போல நடிக்கிற புரோகிராம்கள் இப்போது இருக்கின்றனவே, படி எடுத்ததை அதில் போட்டுப் பார்த்தால் போதாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரும்பாலும் போதும். ஆனால் நடிப்பு சரியா என்று சொல்ல மூலத்தைப் பார்த்தவன் ஒருவன் வேண்டும். படிக்கும் மூலத்துக்கும் பேதம் வந்தால் தீர்ப்புச் சொல்ல ஓடுகிற யந்திரம் ஒன்றாவது வேண்டும். ஆகையால் யந்திரத்தை ஓட வைப்பதும் தேவைதான். படிக்கப்படுகிற நூலுக்காகக் கண்ணாடி தேவைப்படுகிற மாதிரி.

திருமுக்கூடல் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டு. மிக நீளமான சாசனங்களில் ஒன்று. அந்தக் கோயிலைச் சேர்ந்து ஒரு கல்விச்சாலையும், வீரசோழன் என்ற பெயரில் 15 கிடக்கை கொண்ட ஓர் ஆதுலசாலையும் நடந்ததாக அது சொல்கிறது. வைத்தியன், அறுவை செய்பவன், மூலிகை கொண்டு வருகிறவர்கள், பணிவிடைப் பெண்கள் ஆகியோருக்கான நெல்லும் காசும், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும், மாணாக்கர் சனிக்கிழமை தலை முழுகுவதற்கான எண்ணெய்கூட அதில் கணக்காக இருக்கின்றன. அந்த ஆதுலசாலையின் கட்டில் இல்லை, குப்பி இல்லை. எழுத்து இருக்கிறது. அந்த எழுத்துக்கும் மைப்படி எடுத்து, கே. வி. சுப்பிரமணிய அய்யர் 'எபிகிராபியா இந்திகா'வில் அச்சில் கொண்டுவந்துவிட்டார். இனி அந்தச் சுவருக்கு ஏதும் நேர்ந்தாலும் பதினைந்து நோயாளிகளும் நம்மிடம் இருப்பார்கள். இதற்கு நேர் எதிராக, கட்டில்களையெல்லாம் பளபளவென்று காப்பாற்றிவிட்டுச் சுவரை மணல் வீசித் துடைத்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? யாரோ படுத்த பதினைந்து கட்டில்கள்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1990-களில் நம் அச்சகங்கள் ஈய எழுத்தை விட்டு டி.டி.பி.க்கு மாறின. எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியைக் கடையில் கொடுத்தால், அடித்து முடித்ததும் காகிதம் குப்பைக்குப் போகும்; நாவல் பிளாப்பியில் இருக்கும். எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தமிழ் எழுத்துக்களைத் தம் இஷ்டப்படி இடம் மாற்றி வைத்தார்கள். ஒருவருடைய 'க' இன்னொருவருடைய எழுத்துருவில் வேறு ஏதோ கிறுக்கல். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் பொது முறைகளை வகுத்தார்கள். பின்னால் யூனிகோடு வந்து தகராறு ஓய்ந்தது. அதற்கு முன் அடித்தவை? ஒரு தொடர்கதை பத்திரிகையில் வந்த உருவம் ஒன்று, புத்தகமானபோது வேறொன்று, நடுவில் எழுத்தாளர் அடித்துத் திருத்திய உருவம் மூன்றாவது. பாடபேதம் பார்க்கிற விமர்சகனுக்கு அந்த மூன்றாவதுதான் முக்கியம். அது இன்று ஏதோ ஒரு மூடிப்போன கடையின் அலமாரியில், பூஞ்சை பூத்த டப்பாவில், அதைப் படிக்கத் தெரிந்த யந்திரம் இல்லாமல் கிடக்கிறது. ஓலைச் சுவடியாவது முந்நூறு வருஷம் தாங்கியது. இது முப்பதுக்கே தள்ளாடுகிறது.

ஆகையால் பழைய யந்திரங்களில் பித்துக் கொண்ட அன்பர்களைக் குறை சொல்வதைவிட அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைப்பதே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களிடம் பொறுமை இருக்கிறது, கை இருக்கிறது, வேறு யாரிடமும் இல்லாத ஓடுகிற யந்திரமும் இருக்கிறது. நம் பதிப்பகங்களிலும் எழுத்தாளர் வீடுகளிலும் கிடக்கிற தட்டுகளைக் கேட்டு வாங்கிப் படி எடுத்துக் கொடுங்கள். தேறாத இடத்தில் தேறவில்லை என்று எழுதுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: பரணைச் சுத்தம் செய்யும்போது அப்படி ஒரு டப்பா அகப்பட்டால், தராசுக்காரன் வாசலில் நின்று கூப்பிட்டாலும், ஒரு வாரம் பொறுங்கள். அதற்குள் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் அகப்படலாம். உள்ளே யாராவது 'ஞ'வை மூன்று விதமாகச் செய்து பார்த்திருக்கக்கூடும்.